வர மறுப்பவரை மருத்துவமனையில் சேர்ப்பது: ஐந்து வழிகளும் அவற்றின் விலையும்

"தம்பி சரியாத் தூங்கி வாரக்கணக்காச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க கேமரா வெச்சுப் பார்க்கிறாங்கன்னு சொல்றான். ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தாலே சண்டைக்கு வர்றான். கோர்ட் ஆர்டர் வாங்கணுமா? இல்ல, வேன்ல வந்து தூக்கிட்டுப் போறவங்க இருக்காங்களாமே, அவங்களைக் கூப்பிடலாமா?"

மனநோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களோடு பேச உட்கார்ந்தால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்தே தீரும். இன்னொரு கேள்வி கொஞ்சம் தணிந்த குரலில் வரும்: "என்னைப் பிடிச்சுக்கொண்டு போய் அடைச்சிட்டாங்க. வீட்டுல இருக்கிறவங்களுக்கு அந்த உரிமை உண்டா?" இரண்டுக்கும் பதில் ஒரே சட்டத்தில்தான் இருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017.

நம் வீடுகளில் விவாதம் முழுக்க "சேர்க்கலாமா, வேண்டாமா" என்பதிலேயே முடிந்துவிடுகிறது. எந்த வழியில் சேர்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் எத்தனை நாள் உள்ளே இருப்பார், தப்பு நடந்தால் யார் தட்டிக் கேட்பார்கள், திரும்பி வந்த பிறகு உங்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த வழிதான்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கலாம். யாருடைய சம்மதம் தேவை? வெளியே வருவது எப்படி? உள்ளே நடப்பதை வெளியிலிருந்து யார் பார்க்கிறார்கள்? பில்லில் வராத செலவு என்ன? முடிந்தபின் உறவு என்ன ஆகும்? கடைசிக் கேள்வியைச் சட்டம் கேட்காது, நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வாசற்படி உண்டு. அவரால் தன் சிகிச்சையைப் பற்றித் தானே முடிவெடுக்க முடிகிறதா? டாக்டர் சொல்வது புரிகிறதா, சிகிச்சை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்று தெரிகிறதா, முடிவை ஏதாவது ஒரு விதத்தில் தெரிவிக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். நமக்குத் தப்பாகப் படுகிற முடிவை எடுத்தார் என்பதால் மட்டுமே அவருக்கு அந்தத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 4ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

3ஆம் பிரிவு இன்னொரு கதவையும் சாத்துகிறது. சாதி, அரசியல், குடும்பத்தின் ஒழுக்க எதிர்பார்ப்பு இவற்றோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. வேறு சாதியில் காதலிக்கும் மகளையும், சாமியார் பின்னால் போய்விட்ட மகனையும் "கொஞ்ச நாள் உள்ளே வெச்சா சரியாயிடும்" என்று அழைத்து வருகிறவர்கள் இன்றும் உண்டு. வயது வந்த ஒரு பெண்ணைப் பெற்றோர் வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தது சட்டவிரோதம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்து, இழப்பீடும் கொடுக்க வைத்தது.

## ஒரு பார்வையில்

| வழி | யார் சம்மதம் | எவ்வளவு காலம் | வெளிப் பார்வை | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|
| வீட்டிலிருந்தே சிகிச்சை | அவருடையது | வரம்பு இல்லை | அநேகமாக இல்லை | ஒருவருடைய வேலையும் தூக்கமும் |
| தானாகச் சேர்வது | அவருடையது | அவர் கேட்டால் டிஸ்சார்ஜ் | மருத்துவமனை | பாதியில் கிளம்பிவிடலாம் |
| ஆதரவுடன் கூடிய சேர்க்கை | பிரதிநிதியின் விண்ணப்பம், இருவர் பரிசோதனை | 30 நாள் வரை | சீராய்வு வாரியம் | கையெழுத்துப் போட்டவர் மேல் கோபம் |
| போலீஸ், மாஜிஸ்திரேட் | தேவையில்லை | மதிப்பீட்டுக்கு 10 நாள் வரை | நீதிமன்றம் | தெருவே பார்க்கும் |
| பதிவில்லாத இல்லம், வேன் | யாரும் கேட்பதில்லை | அவர்கள் சொல்வதுதான் | யாருமில்லை | கீழே விவரமாக |

## வீட்டிலிருந்தே சிகிச்சை

சாப்பிடுகிறார், ஓரளவு தூங்குகிறார், யாரையும் மிரட்டவில்லை, வீட்டில் ஒருவர் பேச்சையாவது கேட்கிறார் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வழியைத்தான். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல ஓ.பி. உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டில் இருப்பவர் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். தினமும் மாத்திரைக்காகச் சண்டை என்றால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசி ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல வீடுகளில் தினசரிப் போர் அதோடு நின்றிருக்கிறது. அதற்கும் அவர் சம்மதம் வேண்டும்.

குழம்பில் மாத்திரையைப் பொடித்துப் போடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊரில் பாதி வீட்டில் நடப்பதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. லித்தியம், குளோசபின் மாதிரி மருந்துகளுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம், ரகசியமாகக் கொடுக்கிறவர்கள் அதற்கு எப்படி அழைத்துப் போவார்கள்? எல்லாவற்றுக்கும் மேல், "சாப்பாட்டில் என்னவோ கலக்கிறார்கள்" என்று நோயின் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அது உண்மையாகவே நடக்கிறது என்று ஒருநாள் தெரிந்துவிடும். அப்புறம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

இந்த வழியின் பெரிய செலவு தள்ளிப்போடுவது. சித்தப்பிரமை வகை நோய்களில் சிகிச்சை இல்லாமல் போகும் காலம் நீள நீள மீள்வதும் கடினமாகிறது. "பொங்கல் முடியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## தானாகச் சேர்வது

"அவனாவது, தானா வர்றதாவது" என்று சிரிப்பார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் இதுதான் இயல்பான வழி. வேறு வழியே இல்லாதபோதுதான் மற்ற சேர்க்கைகள் என்று 85ஆம் பிரிவு சொல்கிறது. சேர்வதற்கு வீட்டார் கையெழுத்தே தேவையில்லை. அவர் சம்மதம் இல்லாமல் சிகிச்சை கொடுக்கவும் கூடாது.

நோய் இருப்பதை ஒப்புக்கொள்ளாதவர்கூடத் தூக்கமின்மையை ஒப்புக்கொள்வார். "உனக்குப் பைத்தியம், டாக்டரைப் பாரு" என்றால் வராதவர், "தூக்கமே இல்லாம எப்படி இருக்க முடியும், அதுக்காவது பார்ப்போம், பிடிக்கலைன்னா வந்துடலாம்" என்றால் வந்ததைப் பார்த்திருக்கிறேன். இது ஏமாற்று வேலை இல்லை. பிடிக்கவில்லை என்றால் வந்துவிடலாம் என்பது உண்மைதான். அவர் கேட்டால் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று மனநல நிபுணர் கருதினால் மட்டும் 24 மணி நேரம் வரை நிறுத்திவைத்து மதிப்பிடலாம். இந்த விதிவிலக்கையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், பின்னால் "என்னிடம் மறைத்தீர்கள்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

செலவு? மூன்றாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். அரசுப் பொது மருத்துவமனை வார்டு என்றால் வீட்டிலிருந்து ஒருவர் கூடவே இருக்கச் சொல்வார்கள், தினக்கூலி வீட்டுக்கு அது பெரிய அடி. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் பாலிசியில் என்ன வரம்பு என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

## ஆதரவுடன் கூடிய சேர்க்கை

மக்கள் "கட்டாயச் சேர்க்கை" என்று சொல்வது இதைத்தான். 89ஆம் பிரிவு. குடும்பத்துக்குக் கோர்ட் ஆர்டர் தேவையில்லை. அந்த நினைப்பு 1987ஆம் வருடச் சட்டத்திலிருந்து மிச்சமிருப்பது.

விண்ணப்பிப்பவர் அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது தன் சார்பில் நிற்க அவரே எழுதிவைத்த ஆள். அப்படி யாரையும் முன்பே நியமிக்காவிட்டால் உறவினர், உறவினர் இல்லாவிட்டால் பராமரிப்பவர். சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவர், மற்றவர் இன்னொரு மனநல நிபுணராகவோ மருத்துவராகவோ இருக்கலாம். நோய் கடுமையாக இருக்கிறது, அதனால் அவர் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் பார்த்தார் அல்லது மிரட்டினார், பிறரிடம் வன்முறையாக நடந்தார் அல்லது அவர்களை அச்சுறுத்தினார், அல்லது தன்னைக் கவனிக்கவே முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று இருவருமே முடிவுக்கு வர வேண்டும். மேலே சொன்ன வாசற்படியில் அவரால் தானே முடிவெடுக்க முடியவில்லை என்பதும், இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி எதுவும் சரிவராது என்பதும் தெளிவாக வேண்டும். "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை", "குடிக்கிறார்" என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. குடி, போதை சார்ந்த மனநிலைக் கோளாறுகளும் இதே சட்டத்துக்குள் வருவதால், குடிநோயாளியை விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கவும் இதே அளவுகோல்தான்.

உச்ச வரம்பு 30 நாள். காரணம் அதற்கு முன்பே தீர்ந்தால் அதற்கு முன்பே விட வேண்டும், அல்லது அவர் விரும்பினால் தானாகச் சேர்ந்தவராகத் தொடரலாம். பெண், சிறார் என்றால் 3 நாளுக்குள்ளும் மற்றவர்கள் என்றால் 7 நாளுக்குள்ளும் மருத்துவமனை மனநல சீராய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த வாரியத்தின் தலைவர் மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவர் அல்லது ஓய்வு பெற்றவர். நோயாளிகள், பராமரிப்பாளர்கள், தொண்டு நிறுவனங்கள் தரப்பிலிருந்தும் உறுப்பினர்கள் உண்டு. 30 நாளைத் தாண்ட வேண்டும் என்றால் 90ஆம் பிரிவு: இரண்டு மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டும், வாரியம் அனுமதிக்க வேண்டும். முதலில் 90 நாள், பிறகு 120, அப்புறம் 180 நாள் வரை.

சொத்துத் தகராறில் அண்ணனைப் பைத்தியம் ஆக்கிவிடுவார்களோ என்ற பயத்துக்கு இங்கேதான் பதில். இரண்டு தனித்தனிப் பரிசோதனை, வாரியத்தின் பார்வை என்ற இரண்டு வேலிகளைத் தாண்ட வேண்டும். சுயநலத்தோடு நடக்கும் பிரதிநிதியை வாரியம் மாற்றவும் முடியும். மனநோய் இருப்பதாகச் சொல்லப்பட்டாலே அவர் கையெழுத்து செல்லாது என்றும் ஆகிவிடாது. "சித்த சுவாதீனம் இல்லாதவர்" என்று தகுதியுள்ள நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும். அரசு வேலையில் இருப்பவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனால் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் பட்டியலில் மனநோயும் உண்டு.

இந்த வழியின் உண்மையான விலை அந்தக் கையெழுத்துதான். படிவத்தில் யார் பெயர் இருந்ததோ அவர்தான் "என்னை உள்ளே தள்ளினவர்" என்று வருடக்கணக்கில் நிலைத்துவிடுவார். தினமும் சோறு போட வேண்டிய அம்மா கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் கட்சி. தாய்மாமாவோ சித்தப்பாவோ, அந்தக் கோபத்தைக் கொஞ்ச காலம் தாங்கக்கூடிய ஒருவர் முன்வரட்டும். நோயாளியே முன்பு யாரையாவது நியமித்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, நியமிக்கப்பட்டவர்தான்.

மருத்துவமனைக்கு வரவே மறுக்கிறவரை அங்கே எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். உயிருக்கு ஆபத்து, அல்லது தனக்கோ பிறருக்கோ பெரிய தீங்கு வரும் என்ற அவசர நிலையில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும், பிரதிநிதி கிடைத்தால் அவர் சம்மதத்தோடு, வீட்டிலேயேகூட அவசர சிகிச்சை கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் அதில் அடங்கும். இதற்கு 72 மணி நேர வரம்பு உண்டு. மின்சிகிச்சையை (ஷாக் ட்ரீட்மென்ட்) இப்படி அவசரத்தின் பேரில் கொடுக்க முடியாது. 94ஆம் பிரிவான இது பல மருத்துவர்களுக்கே பழக்கமில்லாதது. அதனால் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் நெருக்கடி வருவதற்கு முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

## போலீஸ், மாஜிஸ்திரேட்

வழி தெரியாமல் தெருவில் திரிகிறவர், தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவர் ஆகியோரைக் காவல் நிலையப் பொறுப்பதிகாரி பாதுகாப்பில் எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீட்டில் ஒருவரைக் கட்டிப்போட்டுக் கொடுமைப்படுத்துகிறார்கள், கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் போலீசுக்குச் சொல்லலாம். போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை கொடுக்கும், மாஜிஸ்திரேட் மதிப்பீட்டுக்காக 10 நாள் வரை சேர்க்க உத்தரவிடலாம்.

காணாமல் போனவர் வேறு ஊரில் கிடைத்திருக்கிறார், அல்லது இன்று இரவே ஏதாவது ஆகிவிடும் என்ற நிலை என்றால் இதுதான் வழி, தயங்க வேண்டாம். மற்ற நேரங்களில் வேண்டாம் என்பேன். ஜீப் வந்து வாசலில் நின்றால் தெருவே கூடும். தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் தான் நினைத்தது சரிதான் என்று ஆகிவிடும்.

## வேன் வந்து அழைத்துப் போகும் "இல்லம்"

விடியற்காலை வேன் வரும். மூன்று நான்கு பேர் இறங்குவார்கள். "ஸ்கேன் எடுத்துட்டு வந்துடலாம் சார்" என்பார் ஒருவர், இன்னொருவர் அதற்குள் முழங்கைக்கு மேல் பிடித்திருப்பார். அம்மா சமையலறைக்குள் போய் நின்றுகொள்வார். பத்து நிமிடத்தில் வீடு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்காகத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல மாதம் தூங்காத வீடு அது.

ஆனால் மற்ற நான்கு வழிகளிலும் உள்ள எந்த வேலியும் இங்கே இல்லை. மனநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லை என்றால் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே அரசுக்குத் தெரியாது. முதல் மாதம் போனில் பேச விட மாட்டார்கள், "பேசினா டிஸ்டர்ப் ஆவார்" என்பார்கள். சட்டப்படி பார்வையாளரைச் சந்திப்பதும் போன் பேசுவதும் அவருடைய உரிமை. சிகிச்சைக் குறிப்பு, மருந்துச் சீட்டு எதுவும் கைக்கு வராது. பின்னால் வேறு டாக்டரிடம் போனால் எல்லாம் முதலிலிருந்து. காப்பீட்டிலும் பணம் கேட்க முடியாது. அதோடு, "ஸ்கேன்" என்று சொன்ன பொய்யை அவர் மறக்கவே மாட்டார், அடுத்த முறை உண்மையான ஸ்கேனுக்கும் வர மாட்டார்.

கண்காணிப்பே இல்லாத இடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஓர் இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இப்போதைய சட்டம் தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆளைத் தனியறையில் பூட்டிவைப்பதற்கும் தடை. கட்டாயப்படுத்தி மொட்டை அடிப்பதும் கூடாது.

நேர்மையாக நடக்கும், பதிவு பெற்ற மறுவாழ்வு இல்லங்களும் இருக்கின்றன. நெருக்கடி தணிந்த பிறகு, வீட்டுக்கு நேராக வர முடியாதவருக்கு அவை நல்ல இடைநிலை. பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: பதிவுச் சான்றிதழ், மனநல மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார், முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கலாமா. மூன்றாவதுக்கு "முடியாது" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிப்போவது அவரவர் நம்பிக்கை, அவரும் விரும்பினால் போகட்டும். மாத்திரை நிற்காமல் இருக்க வேண்டும், கட்டிவைத்துவிட்டு வரக் கூடாது, அவ்வளவுதான்.

## நன்றாக இருக்கும் நாட்களில்

ஒருமுறை நெருக்கடி வந்து போன வீட்டில் அடுத்ததைப் பற்றிப் பேசவே பயப்படுவார்கள். பேச வேண்டிய நேரம் அதுதான். அவர் தெளிவாக இருக்கும்போது ஒரு வெள்ளைத் தாளில் தன் பிரதிநிதி யார் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அந்த நபரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இதோடு, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டிய அறிவுறுத்தல் ஒன்றையும் உரிய படிவத்தில் எழுதி வைக்கலாம். அவசர சிகிச்சையை மட்டும் அது கட்டுப்படுத்தாது. "அந்த மாத்திரை கொடுத்தா உடம்பு நடுங்குது, வேண்டாம். என்னைச் சேர்க்கணும்னா அக்கா முடிவு பண்ணட்டும்" என்று அவரே எழுதியிருந்தால், மேலே சொன்ன கையெழுத்துச் சண்டையில் பாதி இல்லாமல் போய்விடும்.

## சேர்க்கப்பட்டவர் நீங்கள் என்றால்

முதலில் கேட்க வேண்டியது: "என்னை எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறீர்கள்?" 86 என்றால் நீங்கள் தானாகச் சேர்ந்ததாகப் பதிவு, டிஸ்சார்ஜ் கேட்கலாம். நீங்கள் ஒப்புக்கொள்ளாமலே 86 என்று எழுதியிருந்தால் அதுவே புகாருக்குப் போதும். 89 என்றால் வாரியத்துக்கு மறுஆய்வு மனு எழுதிக் கொடுங்கள், விண்ணப்பிக்கும் உரிமை உண்டு என்பதை உங்களுக்குச் சொல்வதே மருத்துவமனையின் கடமை. வாரியம் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏட்டில் உள்ள 7 நாள் எல்லா ஊரிலும் 7 நாளாக இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாமல், மனுவின் நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்கி, வெளியே உள்ள நண்பர் ஒருவருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்பது தடையாகாது. இலவச சட்ட உதவி உங்கள் உரிமை, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். உங்கள் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாரியத்தின் முடிவு சரியில்லை என்று பட்டால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.